இடுப்பு ஆபரேஷன் முடிந்து தனியாக வீட்டுக்கு வரும் பாட்டி: யாரிடம் சொல்ல வேண்டும், எதைத் தயார் செய்ய வேண்டும்?

தெருவிளக்கு:

வணக்கம். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்காகக் கேட்கிறேன். வயது 76. வழுக்கி விழுந்து வலது இடுப்பு முறிந்தது. அரசு மருத்துவமனையில் பந்து மாற்றும் ஆபரேஷன் (தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்தை எடுத்துச் செயற்கைப் பந்து வைப்பது) முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்கிறார்கள். இன்று செவ்வாய்.

வீடு ஒரே அறை, சிமெண்டுத் தரை, வாசலில் இரண்டு படி. கழிவறை பின்னால் பதினைந்து அடி தள்ளி இருக்கிறது, குந்தி உட்காரும் வகை. பாட்டி படுப்பது கோரைப்பாயில். எடை 44 கிலோ. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருமானம் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய், அதோடு ரேஷன் அரிசி. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாரக்கூலி. ஒரு வாரத்துக்கு மேல் லீவு போட்டால் வேலை இருக்காது என்கிறார். தெருவில் மூன்று பெண்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளத் தயார், ஆனால் மூவரும் பகலில் கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

வெள்ளிக்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும்? யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்? எதைப் பார்த்தால் திரும்ப மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலிநிவாரணச் செவிலியர்:

நல்ல நேரத்துல கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனப்புறம், புண்ணு வந்தப்புறம்தான் கேப்பாங்க.

முதல்ல வார்டுல வேலையை ஆரம்பிங்க. வெள்ளி சாயங்காலம் டிஸ்சார்ஜ்னா அடுத்த நாள் விட்டு ஞாயிறு. ஏதாவது மாத்திரை கிடைக்கலைன்னாலும் கட்டு நனைஞ்சாலும் கேக்க ஆள் இருக்காது. வியாழன் காலையிலயோ திங்கட்கிழமையோ அனுப்ப முடியுமான்னு யூனிட் டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்டுல தனியா இருக்காங்க, குந்தற கழிவறைதான் இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. அந்த விஷயம் கேஸ் ஷீட்ல இருக்காது. நாம சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரியாது.

டிஸ்சார்ஜ் சம்மரியில இதெல்லாம் எழுதியிருக்கான்னு பாருங்க. எந்தக் கால் அசைவு கூடாது. ஆபரேஷன் செஞ்ச கால்ல முழு எடை வைக்கலாமா, பாதியா. தையல் பிரிக்கற தேதி (வழக்கமா 12லிருந்து 14 நாள்). ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கற ஊசியோ மாத்திரையோ எந்தத் தேதி வரைக்கும். பழைய மாத்திரையில எது தொடரணும், எது நிறுத்தியாச்சு, எந்த அளவு மாறியிருக்கு. கடைசியா எடுத்த ஹீமோகுளோபின், கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்), சோடியம், சுகர். இதுல எது இல்லைன்னாலும் டூட்டி டாக்டர்கிட்ட கேட்டுப் பேனாவால எழுதி வாங்கிடுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் அதையே வாங்கணும்னா பாட்டியைத் தூக்கிட்டு ஒரு நாள் முழுக்க ஓ.பி.யில நிக்கணும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரி எக்ஸ்ரே படத்தோட சேர்ந்து ஒரு மஞ்சப்பையில வீட்டுக்கு வரும். ஆணியில தொங்கும். பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டரோ கிராம செவிலியரோ மாத்திரை கொண்டு வர்ற தன்னார்வலரோ அதைப் பார்க்கவே மாட்டாங்க. யாராவது கையில எடுத்துட்டுப் போய்க் காட்டினாத்தான் உண்டு. அதனால டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே சம்மரியை போன்ல படம் எடுத்து மூணு பேருக்கு அனுப்புங்க: உங்க பகுதி கிராம சுகாதாரச் செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர், பி.எச்.சி மருத்துவ அலுவலர்.

2021 ஆகஸ்ட்ல தொடங்கின அந்தத் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் வரும்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. வட்டாரத்துக்கு ஒரு வலிநிவாரணச் செவிலியரும் ஒரு இயன்முறை மருத்துவரும் வண்டியோட அதே திட்டத்துல இருக்காங்க, வீட்டுக்கே வருவாங்க. ஆனா பட்டியல்ல பேர் இருந்தாத்தான் வருவாங்க. பேர் சேர்க்கறது பி.எச்.சி.லதான். 104 மருத்துவ உதவி எண்ணுக்கு போன் பண்ணியும் கேக்கலாம். வட்டாரம் முழுக்க ஒரே ஆள், தினமும் வர முடியாது. அவங்க வர்ற அன்னிக்கு அந்த மூணு பெண்கள்ல ஒருத்தராவது கூட இருந்து கத்துக்கணும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கோங்க. முதல் பக்கத்துல ஆபரேஷன் தேதி, மாத்திரைப் பட்டியல், யாருக்கு எந்த நம்பர். அப்புறம் ஒரு நாளுக்கு ஒரு பக்கம்: சாப்பிட்டது, மலம் போனதா, எத்தனை தடவை நடந்தாங்க, காய்ச்சல், வலி. யார் வந்துட்டுப் போனாலும் எழுதிட்டுத்தான் போகணும். காலையில வர்றவங்களுக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு அந்த நோட்டுதான் சொல்லும்.

மகன் இப்ப ஆஸ்பத்திரியில இருக்காரா? இருந்தா அவரைத் திருப்பூருக்கு அனுப்பிடுங்க. வார்டுல நர்ஸ் இருக்காங்க. அவரோட ஒரு வார லீவு, பாட்டி வீட்டுக்கு வர்ற நாள்ல இருந்து தொடங்கட்டும்.

இயன்முறை_கடலூர்:

வீட்டைப் பத்தி நான் சொல்றேன். பந்து மாத்தின இடுப்புக்கு மூணு விஷயம் கூடாது: இடுப்பு 90 டிகிரிக்கு மேல மடங்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. இடுப்புக்குப் பின்பக்கமாத் திறந்து செஞ்சிருந்தா இது ரொம்பவே முக்கியம். ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும்னு சொல்வாங்க, உங்க சர்ஜன் சொல்ற கணக்கை வெச்சுக்கோங்க. அப்படின்னா கோரைப்பாய் கூடாது, தரையில உட்கார்ந்து சாப்பிடறது கூடாது, குந்தற கழிவறை கூடவே கூடாது. பந்து கழண்டா மறுபடி ஆஸ்பத்திரிதான்.

கட்டில் வேணும். பாட்டி விளிம்புல உட்கார்ந்தா முட்டி இடுப்பை விடக் கொஞ்சம் கீழே இருக்கணும், பாதம் ரெண்டும் தரையில முழுசாப் பதியணும். வார்டுல நிக்க வெச்சு முட்டி மடிப்புல இருந்து தரை வரைக்கும் ஒரு கயிறால அளந்துக்கோங்க. மெத்தையோட மேல்பக்கம் அந்த அளவை விட ரெண்டு இன்ச் மேலே இருந்தாப் போதும். கயித்துக் கட்டில் வேண்டாம், நடுவுல தொய்ஞ்சு இடுப்பு மடங்கிடும். பலகைக் கட்டில் யார் வீட்டுலயாவது இருக்கும், மூணு மாசத்துக்குக் கேட்டு வாங்குங்க.

நாற்காலி கைப்பிடி உள்ளதா இருக்கணும். ஒரே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி ரெண்டை ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கினா உயரமும் கிடைக்கும், காலும் பிளக்காது. எழும்போது முன்னால குனிஞ்சு எழக் கூடாது. முதல்ல நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து வந்து, ஆபரேஷன் காலை முன்னால நீட்டி, கைப்பிடியை அழுத்தி எழணும். வாக்கரைப் பிடிச்சு இழுத்து எழுந்தா வாக்கர் மேல சாயும்.

கழிவறைக்கு, கட்டில் பக்கத்துலயே கமோடு நாற்காலி. உயரம் மாத்தற மாதிரி இருக்கறதை வாங்குங்க, கால் நாலும் ஒரே ஓட்டையில பூட்டியிருக்கான்னு தினமும் பாருங்க. ஒரு கால் மட்டும் ஒரு ஓட்டை கீழே இருந்துட்டா உட்கார்ற நேரத்துல சாஞ்சிடும். ராத்திரி பதினைந்து அடி நடந்து பின்பக்கம் போறது முதல் ஒன்றரை மாசத்துக்கு வேண்டாம். வாங்க வசதி இல்லைன்னா வாடகைக்கு எடுக்கலாம். ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்துல வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கற முதியவங்களுக்கு வாக்கர் மாதிரி சாதனங்களை இலவசமாக் கொடுக்கறாங்க. ஆனா அது முகாம் வழியா வர்றது, வெள்ளிக்கிழமைக்கு உதவாது.

வாக்கர் உயரம்: பாட்டி நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா, கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வரணும். அதை விட உயரமா இருந்தா தோள் தூக்கி ரெண்டு நாள்ல கை வலிச்சு ஓரமா வெச்சிடுவாங்க. நாலு கால்லயும் ரப்பர் புஷ் இருக்கான்னு பாருங்க. புஷ் தேஞ்சு குழாய் தெரிஞ்சா ஈர சிமெண்டுத் தரையில அப்படியே வழுக்கும். நடக்கற வரிசை எப்பவும் வாக்கர், ஆபரேஷன் கால், நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. திரும்பறதுதான் ஆபத்து. ஆபரேஷன் காலை ஊன்றி உடம்பைச் சுழட்டக் கூடாது, சின்னச் சின்ன அடியா வெச்சு வட்டமாத் திரும்பணும்.

புடவை கொசுவம் வாக்கர்ல மாட்டும். நைட்டி போடச் சம்மதிச்சா நல்லது. இல்லைன்னா கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே கட்டச் சொல்லுங்க. ஹவாய் செருப்பு வேண்டாம், பின்னால வார் உள்ள செருப்பு. தரையில கிடக்கற சாக்கு, மிதியடி, கால் துடைக்கற துணி எல்லாத்தையும் எடுத்துடுங்க. ராத்திரிக்கு ஒரு சீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும்.

பயிற்சி: முழிச்சிருக்கற நேரத்துல மணிக்கு ஒரு தரம் பாதத்தை மேலும் கீழும் 20 தடவை ஆட்டணும், ரத்தம் உறையாம இருக்க இது உதவும். தொடையை இறுக்கி அஞ்சு எண்ணி விடறது பத்து தடவை. நடக்கறது ஒரே மூச்சுல வேண்டாம். கட்டில்ல இருந்து வாசல், வாசல்ல இருந்து கட்டில், நாளைக்கு அஞ்சு தடவை. படுக்கும்போது ரெண்டு தொடைக்கும் நடுவுல ஒரு தலகாணி.

கார்த்திகைப்பூ:

கட்டில் உயரம் பத்தலைன்னா நாலு காலுக்கும் ரெண்டு ரெண்டு செங்கல் வெச்சிடலாமே, எல்லா வீட்டிலயும் அப்படித்தான் செய்வோம்.

இயன்முறை_கடலூர்:

செங்கல் வேண்டாங்க. பாட்டி விளிம்புல உட்கார்ந்து கையை ஊன்றி நகரும்போது கட்டில் பக்கவாட்டுல தள்ளும், கால் செங்கல்ல இருந்து இறங்கிடும். தச்சர்கிட்ட சொல்லி நாலு மரக்கட்டையில கட்டில் கால் உள்ளே உட்கார்ற அளவுக்கு ஒரு இன்ச் குழி தோண்டி வாங்குங்க. செலவு கம்மி. கட்டிலோட ஒரு பக்கத்தைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. ஆபரேஷன் செஞ்ச வலது பக்கமா இறங்கற மாதிரி இருந்தா நல்லது, அப்பத்தான் அந்தக் கால் நடுவைத் தாண்டி உள்பக்கம் போகாது.

மருந்தாளுநர் 82:

மாத்திரை விஷயத்தில் உங்கள் பாட்டிக்கு ஒரு குறிப்பிட்ட ஆபத்து இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரே தடவையில் இரண்டு மாத மாத்திரை கொடுத்திருப்பார்கள். அது இப்போதும் வீட்டில் டப்பாவில் இருக்கும். மருத்துவமனையிலிருந்து புதிதாக ஒரு கவர் வரும். இரண்டிலும் பிரஷருக்கான அம்லோடிபின் இருக்கலாம், சுகருக்கான மெட்பார்மின் இருக்கலாம். பாட்டி இரண்டையும் போட்டுக்கொள்வார், ஏனென்றால் இரண்டுமே டாக்டர் கொடுத்தது. கடையில் வாங்கிய கம்பெனிப் பெயர் அட்டையும் கூடச் சேர்ந்தால் மூன்று மடங்கு. ஆகவே பாட்டி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே பழைய டப்பாவை எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிப் போட வேண்டாம், எது தொடர்கிறதோ அதை அதிலிருந்தே எடுத்துப் பயன்படுத்தலாம்.

தன்னார்வலர் அடுத்த தடவை வரும்போது அவர் பட்டியலில் பழைய அளவுதான் இருக்கும். பி.எச்.சி.யில் சொல்லி அதை மாற்றாவிட்டால், மருத்துவமனையில் நிறுத்திய மாத்திரை இரண்டு மாதத்தில் மறுபடி வாசலுக்கு வந்து சேரும். இதில் யார் மேலும் குற்றம் இல்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

சுகர் மாத்திரையில் கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாடு பாதியாகக் குறையும், மாத்திரை அதே அளவில் இருக்கும், சுகர் இறங்கிவிடும். வயதானவர்களுக்குக் கிளிபென்கிளமைடு உடம்பில் நெடுநேரம் தங்கும். ஒரு தடவை சர்க்கரை கொடுத்துச் சரியானாலும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். வியர்வை, நடுக்கம், திடீர்க் குழப்பம், உளறல் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சுகர் அளவு 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு சர்க்கரை. பிறகு சோறோ இட்லியோ சாப்பிட வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். சாப்பிடாத வேளைக்கு அந்த மாத்திரை போடலாமா கூடாதா என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

பிரஷர் மாத்திரையும் இப்படித்தான். விழுந்து, ரத்தம் போய், சாப்பாடு குறைந்த உடம்பில் பழைய அளவு அதிகமாகிவிடலாம். கிராம செவிலியர் வந்தால் படுத்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் பி.எச்.சி டாக்டரிடம் காட்ட வேண்டும். எழுந்தவுடன் தலைசுற்றி விழுவதற்கு முக்கியக் காரணம் இது.

வலிக்கு டிரமடால் கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரும், சிலருக்குக் குழப்பமும் வரும். டைக்ளோபினாக் ஊசியை யாராவது போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலும் போதும், 44 கிலோ உடம்புக்கு ஒரு நாளில் எத்தனை என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம், அரிப்புக்கு அவில் இரண்டையும் கடையில் தானாக வாங்காதீர்கள். வயதானவர்களைக் குழப்பி விழவைக்கும் மாத்திரைகள் இவை.

லேசாக விழுந்ததில் இடுப்பு முறிந்தது என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது. அதற்கு மருந்து தொடங்கினார்களா என்று கேளுங்கள். வாரம் ஒரு முறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. கொடுத்தால், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்றால் காகிதக் கவர்களில் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்து ஒரு வாரத்துக்குப் பிரித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரே பிரிக்கட்டும், இன்னொருவர் பட்டியலோடு ஒத்துப் பார்க்கட்டும்.

தெருவிளக்கு:

மிக்க நன்றி. சம்மரியில் கிளிமிபிரைடு இருக்கிறது, நாளை டாக்டரிடம் கேட்கிறேன். இன்னும் சில கேள்விகள். நேற்று இரவு வார்டில் பாட்டி, சுவரில் யாரோ நிற்கிறார்கள் என்று பயந்து கத்தியிருக்கிறார். காலையில் தெளிவாகப் பேசினார். தெருவில் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். இரவுக்கு டயப்பர் போட்டுவிடலாம் என்று மகன் சொல்கிறார். சாப்பாட்டுக்கு என்ன கொடுப்பது என்றும் தெரியவில்லை, கஞ்சிதான் இறங்குகிறது.

வலிநிவாரணச் செவிலியர்:

புத்தி பேதலிக்கலைங்க. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு இந்தக் குழப்பம் ரொம்பச் சகஜம். வரும், போகும், சாயங்காலத்துக்கு மேல அதிகமாகும். ஆனா காரணம் தேடாம விடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைச்சு நிக்கறது, மலச்சிக்கல், சோடியம் குறைவு, சுகர் இறக்கம், வலி மாத்திரை, சளி இறங்கின காய்ச்சல் - இதுல ஒண்ணு இருக்கும், சில நேரம் ரெண்டு மூணு சேர்ந்து இருக்கும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே வார்டு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. வீட்டுல கண்ணாடி, காது மெஷின் இருந்தா போட்டுவிடுங்க. பகல்ல கதவைத் திறந்து வெளிச்சம் விடுங்க, ராத்திரி தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கணும். கட்டிப் போடறதோ அதட்டறதோ கூடாது. "நான் இருக்கேன் ஆயா, இது உங்க வீடு"ன்னு சொல்லிக்கிட்டே இருங்க, போதும்.

டயப்பர்னா ராத்திரி தூக்கம் கெடாதுன்னு மகன் நினைக்கறார், அவர் கஷ்டம் புரியுது. ஆனா சொந்தமாச் சொல்லி எழுந்து போகத் தெரிஞ்சவங்களுக்கு டயப்பர் போட்டா நடக்கறது நின்னுடும். ஈரத்துல ஊறின தோல் ரெண்டு நாள்ல சிவந்து புண்ணாகும். கமோடு பக்கத்துல இருக்கும்போது அது வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கேட்டு உட்கார வைங்க.

பாட்டி தண்ணி குடிக்கறதைக் குறைப்பாங்க, இதைக் கவனிங்க. எழுந்து போறது வலிக்குது, அடுத்தவங்களைக் கூப்பிடக் கூச்சமா இருக்கு, அதனால வாயை நனைச்சுட்டு டம்ளரை வெச்சிடுவாங்க. அதுல இருந்துதான் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைசுத்தல், குழப்பம் எல்லாம் கிளம்பும். இதயக் கோளாறோ கிட்னிக் கோளாறோ இல்லைன்னா நாளைக்கு ஒன்றரை லிட்டர். ஒரு பாட்டில்ல அளந்து வெச்சு, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முக்கால்வாசி காலியாகணும்.

சாப்பாட்டுல கஞ்சி மட்டும் போதாது. புண் ஆற, தசை திரும்ப ஏற, ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராம் புரதம்னு கணக்கு வெச்சா 44 கிலோவுக்கு 53 கிராம். கேக்கப் பெரிசாத் தெரியும், பிரிச்சா வந்துடும்: ரெண்டு முட்டை 12, பால் 400 மில்லி 13, பருப்பு 40 கிராம் 9, கொண்டைக்கடலை 40 கிராம் 8, அரிசி 150 கிராம் 11. பல் இல்லைன்னா கடலையை வேக வெச்சு மசிச்சுக் கஞ்சியிலயே கலந்துடுங்க, முட்டையையும் கஞ்சி கொதிக்கும்போது உடைச்சு ஊத்திக் கலக்கலாம். கிரியேட்டினின் அதிகமா இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க. ரேஷன்ல 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு வரும், அதை விட்டுடாதீங்க.

படுக்கைப் புண்: படுத்தே இருக்கற நேரத்துல ரெண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாத்தணும். குதிகாலை மறந்துடுவாங்க. கெண்டைக்கால் கீழே தலகாணி வெச்சுக் குதிகால் காத்துல நிக்கணும். தினமும் குளிப்பாட்டும்போது முதுகுத்தண்டு முடியற இடம், இடுப்பு, குதிகால் மூணையும் பாருங்க. கருத்த தோல்ல சிவப்புத் தெரியாது, சுத்தி இருக்கற தோலை விடக் கறுத்தும் சூடாவும் கெட்டியாவும் இருக்கும். விரலால அழுத்தி எடுத்தா நிறம் மாறலைன்னா புண் தொடங்கிடுச்சு, எங்களைக் கூப்பிடுங்க.

உடனே 108 கூப்பிட வேண்டியது: திடீர்னு இடுப்புல கடும் வலி, கால் குட்டையாகிப் பாதம் உள்பக்கம் திரும்பினா பந்து கழண்டிருக்கு. அதை யாரும் இழுத்துப் பார்க்கக் கூடாது. மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சு வலி. எழுப்பினா எழாத தூக்கம். மறுபடி விழுந்து எழ முடியாம போறது. அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கறது, 100.4க்கு மேல காய்ச்சல், தையல்ல நீர் கசியறது, எட்டு மணி நேரமாச் சிறுநீர் போகாதது, மூணு நாளா மலம் போகாம வயிறு உப்பறது. இதைப் பெரிய எழுத்துல எழுதிக் கதவுல ஒட்டுங்க. ராத்திரி ஒரு மணிக்கு யாருக்கும் ஞாபகம் வராது.

களப்பணி:

எல்லாரும் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், காசு விஷயத்தை நான் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. பாட்டியைக் கேட்டீர்களா? யார் குளிப்பாட்டலாம், சாவி யாரிடம் இருக்கலாம், பென்ஷன் பணத்தை யார் எடுக்கலாம் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும். தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் மகனையும் போனில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நல்ல எண்ணத்தோடு உதவப் போய், பிறகு பணத்தில் சந்தேகம் வந்து மொத்த உதவியும் நின்றுபோவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிறது. வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் பில்லை அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

உதவித்தொகை: வங்கிக்கு நேரில் போய் எடுப்பவர் என்றால், கையடக்கக் கருவியோடு வீட்டுக்கு வரும் வங்கி முகவரை இந்த மாதமே பேசி வையுங்கள். ரேஷன்: கைரேகை வைக்கப் பாட்டியால் கடைக்குப் போக முடியாது. வேறொருவர் வாங்குவதற்கான அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடையிலேயே கேளுங்கள். 2025 ஆகஸ்டில் 70 வயது தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு தரும் தாயுமானவர் திட்டம் தொடங்கியது, பாட்டி பெயர் அதில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் பாருங்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லை என்றால் இப்போதே எடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று வேண்டும். ஆபரேஷன் முடிந்துவிட்டதே என்று விடாதீர்கள், பந்து கழன்றாலோ மறு கால் முறிந்தாலோ அன்று அலைய நேரம் இருக்காது.

மூன்று பெண்களும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்கிறீர்கள். மகன் போன பிறகு பகலில் காலை எட்டிலிருந்து மாலை நான்கு வரை யார்? உங்கள் திட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். கூலியை விட்டுவிட்டு ஒருவர் இருக்க வேண்டும் என்றால் அந்தக் கூலியை யாராவது ஈடு செய்ய வேண்டும். மகனும் தெருவும் சேர்ந்து முதல் ஆறு வாரத்துக்கு அதைப் பேசி முடிவு செய்யுங்கள். சும்மா பார்த்துக்கொள்கிறோம் என்ற வாக்கு மூன்றாவது வாரத்தில் தளர்ந்துவிடும், அது அவர்கள் மனக்குறை இல்லை, வயிற்றுப்பாடு.

இன்னொன்று, பொறுப்பாளர் ஒருவர், அதிகமானால் இருவர். அமெரிக்காவில் இண்டியானாவில் வருமானம் குறைந்த முதியவர்களுக்காக கிரேஸ் என்று ஒரு முறை நடத்திப் பார்த்தார்கள், 2007ல் அதன் முடிவு வெளியானது. அதன் அடிப்படை, ஒரு செவிலியரும் ஒரு சமூகப் பணியாளரும் ஜோடியாக வீட்டுக்குப் போய், பார்த்ததை டாக்டரிடம் கொண்டு சேர்ப்பதுதான். நமக்குப் பக்கத்தில் கேரளாவில், மலப்புறத்தில் தொடங்கி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலரும் செவிலியரும் சேர்ந்து வீடு வீடாகப் போகும் பழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. உங்கள் தெருவில் நீங்கள் சமூகப் பணியாளர், கிராம செவிலியர் அந்தச் செவிலியர். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் அவரோடு போனில் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதியோர் உதவி எண் 14567, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. மகனோடு பிணக்கு வந்தால் 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் வாரக்கூலி வாங்கும் மகனிடம் முதலில் பேச்சுதான். அவர் வராமல் இல்லை, வர முடியவில்லை.

தெருவிளக்கு:

பகல் ஓட்டை பற்றி நீங்கள் சொன்னது சரி. நேற்று மூவரிடமும் பேசினேன். ஒருவர் ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் இருக்கச் சம்மதித்திருக்கிறார், மகன் வாரம் ஒரு தொகை அனுப்புவார், மீதியைத் தெருவில் பிரித்துக்கொள்கிறோம். பாட்டியும் அவர் பெயரைத்தான் சொன்னார். டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார், டிஸ்சார்ஜும் திங்கட்கிழமைக்கு மாறிவிட்டது. கட்டைகள் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: திங்கட்கிழமை ஆட்டோவில் கூட்டி வரலாமா?

இயன்முறை_கடலூர்:

ஆட்டோ வேண்டாம். சீட் தாழ்வு, கால் நீட்ட இடம் இல்லை, ஏறும்போதே இடுப்பு 90ஐத் தாண்டிடும். கார் சொல்லுங்க, முன் சீட். சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளி, சாய்வைக் கொஞ்சம் படுக்க வெச்சு, உட்கார்ற இடத்துல மடிச்ச போர்வை போட்டு உயர்த்துங்க, அது மேல ஒரு பிளாஸ்டிக் கவர் விரிச்சா உடம்பு சுலபமா வழுக்கித் திரும்பும். பாட்டி காருக்கு முதுகைக் காட்டி நின்னு, பின்னங்கால் சீட்ல படற வரைக்கும் பின்னால வந்து, ஆபரேஷன் காலை முன்னால நீட்டி உட்காரணும். ஒருத்தர் ரெண்டு காலையும் சேர்த்துத் தாங்கி, உடம்பும் காலும் ஒண்ணாத் திரும்பற மாதிரி உள்ளே கொண்டு வரணும். வலி மாத்திரையைக் கிளம்ப அரை மணி நேரம் முன்னாடி கொடுத்துடுங்க. வீட்டு வாசல்ல அந்த ரெண்டு படிக்கு முன்னால கைப்பிடி நாற்காலி ஒண்ணு தயாரா இருக்கட்டும். இறங்கினதும் அஞ்சு நிமிஷம் அதுல உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டு, அப்புறம் படி ஏறலாம்.